தலையை எண்ணப் போன பயணம்

அறுபதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நடந்தது இது. அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கேமரா பிரிவில் வேலை பார்த்தேன். காலண்டருக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் ஓவியர் வரைந்து தரும் படத்தைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, மருந்தில் கழுவி, நெகட்டிவ் எடுத்துக் கொடுக்க வேண்டும். பள்ளி இறுதி வரை படித்தவன் என்பதால் கிடைத்த வேலை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, நல்லதா கெட்டதா தெரியவில்லை. எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஜன்னல் கம்பி, கூட்ஸ் வண்டிப் பெட்டி, பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்று எதைப் பார்த்தாலும் மனசு எண்ண ஆரம்பித்துவிடும். நடுவில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வரும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டுமே. என் மனைவி ஆனைக்குட்டம் பக்கத்தில் வெள்ளாமை வீட்டுப் பெண். வாய்த்துடுக்கு உள்ளவள். "சாமி கும்புடும்போதாவது தூணை எண்ணாம இருங்க" என்பாள்.

அவளுக்கு அது முதல் கர்ப்பம். ஆறு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஏழாம் மாதத்தில் வயிறு திடீரென்று பெருத்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு வாங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் ரெட்டைப் பிள்ளை என்றார்கள். என் அம்மா, "ஏ மருமகளே, யாருக்கும் தெரியாம ரெட்டை வாழைப்பழத்தைத் தின்னுட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாள். அச்சகத்தில் எங்கள் மேஸ்திரி, "என்னலே, ஒரே தாள்ல ரெண்டு படம் அடிச்சிட்டியாமே? பேப்பர் மிச்சம்லே!" என்று மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். எனக்கோ வேறு கவலை. எங்கள் வீட்டு உத்தரம் ரெண்டு தொட்டிலைத் தாங்குமா என்று அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நீர் ரொம்ப இருக்கு. ரெட்டையா இருக்கலாம், கைக்குச் சரியாப் பிடிபடல. மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. எத்தனை தலைன்னு எண்ணிப் பார்த்துடலாம்" என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "உங்களுக்குன்னே பார்த்து வேலை குடுத்திருக்காங்க" என்றாள்.

மறுநாள் காலை ரயிலில் மதுரை போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து முடித்து, பழுப்பு உறையில் போட்டு என் கையில் கொடுத்து, எதிர்க் கட்டடத்தில் இருக்கும் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போனேன். போகிற வழியில் பொறுக்குமா எனக்கு? நெகட்டிவ் பார்ப்பதுதானே என் பிழைப்பு. தாழ்வாரத்தில் வெளிச்சம் விழுந்த இடத்தில் நின்று படத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

அவளுடைய இடுப்பெலும்பு தெரிந்தது. அதற்கு மேலே சின்னதாக ஒரு முதுகெலும்பு, கோத்து வைத்த மணி மாதிரி. மடக்கிய கால்கள் இரண்டு. அப்படியானால் ஒரு பிள்ளைதான். தலையைத் தேடினேன். உருண்டையாக வெள்ளைக் கோடு விழுந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

நான் பயப்படவே இல்லை. எங்கள் வேலையில் இது வழக்கமாக வரும் கோளாறு. கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி நாலு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்து ஓடவிட வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மூலைக்கு மருந்து ஓடாது, அந்த மூலையில் படம் விழாது. முருகனுக்குக் கிரீடம் இல்லாமல் எடுத்துக்கொண்டு போய் நானே மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் எவனோ அவசரக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த டாக்டரிடம் போய், தொழில் தெரிந்தவன் தோரணையில், "ஐயா, படம் சரியா விழல. தலைப்பக்கம் மருந்து ஓடல. இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, "மருந்தெல்லாம் சரியாத்தான் ஓடியிருக்கு தம்பி. அங்கே எலும்பு இருந்தாத்தானே விழும்?" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு எனக்கு விளக்கிச் சொன்னார். பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. மூளையும் வளரவில்லை. வயிற்றுக்குள் இருக்கும் வரை உயிரோடு இருக்கும், அசையும், உதைக்கும். பிறந்தால் தங்காது. சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள். அந்தப் பிள்ளைக்குத் தன்னைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரை விழுங்கத் தெரியாததால்தான் வயிறு இப்படிப் பெருத்திருக்கிறது. இதற்கு மருந்து இல்லை. தாய்க்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

"உங்க சம்சாரத்துக்கிட்டச் சொல்லிக்கிடாதீங்க. ஒத்தைப் பிள்ளைதான்னு மட்டும் சொல்லுங்க. பிரசவத்தப்போ மயக்கம் குடுத்து எடுத்துடுவாங்க. செத்துப் பிறந்துச்சுன்னு சொல்லிடலாம். பார்க்க வேண்டாம். பார்த்தா அந்தப் பொண்ணு தாங்காது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அப்போது எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்வார்கள், எல்லாப் புருஷனும் அப்படித்தான் தலையாட்டுவான். நானும் ஆட்டினேன்.

திரும்பி வந்தேன். அவள் பெஞ்சில் இருந்தபடியே இரண்டு விரலை நீட்டிக் காட்டி, ரெண்டா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். ரயில் ஏறும் வரை வேறு ஏதும் பேசவில்லை. கூட்டம், வெயில், ஜன்னலோரம் கிடைக்குமா என்ற கவலை என்று பேசாமல் இருக்க எனக்குச் சாக்கு நிறைய இருந்தது.

வண்டி திருமங்கலம் தாண்டியதும் அவள் கேட்டாள். "என்னத்துக்கு இப்படி இருக்கீக? ரெட்டை இல்லைன்னு வருத்தமா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு பிள்ளைன்னாலும் பிள்ளைதான்."

"நான் பிள்ளையைக் கேக்கல. எத்தனை தலைன்னு கேட்டேன்."

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் என் வாயில் ஒன்று என்ற சொல் வரவில்லை. அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எண்ணிப் பழகியவன் வாய்க்கு, இல்லாததை ஒன்று என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் முகம் மாறியது. என் மடியிலிருந்த உறையைத் தானே எடுத்து, படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அதுவரை அவள் ஒரு நெகட்டிவைத் தொட்டதுகூட இல்லை. விரலால் தடவிக்கொண்டே போனாள். "இது முதுகா?" என்றாள். ஆமாம் என்றேன். "இது காலு." ஆமாம். விரல் மறுபடி முதுகெலும்பு வழியாக மேலே ஏறி, அது முடிகிற இடத்தில் நின்றது. "இங்கன?"

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கள்ளிக்குடிக்கும் விருதுநகருக்கும் நடுவில், டாக்டர் சொன்னது அத்தனையும் சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னது உள்பட. அவள் அழவில்லை. படத்தை உறையில் போட்டு, ஓரத்தை மடித்து, வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டாள். அப்போதும் பிள்ளை உதைத்திருக்க வேண்டும், உறை ஒரு தடவை அசைந்ததைப் பார்த்தேன்.

விருதுநகரில் சிவகாசி வண்டிக்கு மாற வேண்டும். இறங்கினோம். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் அவள் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்விட்டாள்.

"எங்க போற? நம்ம வண்டி அந்தப் பக்கம்."

"மதுரைக்கு. பஸ்ல போயிருவோம்."

எனக்குப் பதறிவிட்டது. திரும்பிப் போனால் இருட்டிவிடும், டாக்டர் இருப்பாரோ மாட்டாரோ, அம்மா ஊரில் காத்துக்கொண்டிருப்பாள், இந்த வயிற்றோடு பஸ்ஸில் குலுங்கலாமா என்று அடுக்கினேன். "அதான் எல்லாம் கேட்டுட்டு வந்துட்டேனே. திரும்பப் போய் என்ன கேக்கப் போற?" என்றேன்.

"அது நீங்க கேட்டது. நான் கேக்க வேண்டியது இருக்கு. பிள்ளை என் வயித்துலதான இருக்கு?" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெரிய வயிற்றோடு அவள் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம். சொல்லிவிட்டாயா என்பது போல முறைத்தார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"பிள்ளைக்கு வலிக்குமாங்க?"

"வலியை உணர்றதுக்கு மூளை வேணுமேம்மா. அது வளரல. வலிக்காது."

"நான் ஏதாவது செஞ்சு வந்ததா? கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தேன்னு அத்தை வைதாங்க. தண்ணிக்குடம் தூக்கினேன்."

"இல்லை. இது கர்ப்பம் உண்டான புதுசுலயே ஆகிப்போறது. ஏன்னு எங்களுக்கே தெரியாது. நீ செஞ்சது ஒண்ணுமில்ல."

அந்த இடத்தில்தான் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. மூன்றாவதாக ஒன்று கேட்டாள். "நான் பேசுனா அதுக்குக் கேக்குமா?"

டாக்டர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "தெரியாதும்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு மயக்கம் குடுக்கக் கூடாது. பிள்ளையை என் கையில குடுக்கணும்."

"அதை உன்னால பார்க்க முடியாதும்மா."

"என் பிள்ளையை நான் பார்க்க முடியாதுன்னு நீங்க எப்படிங்க சொல்றீக?"

"சரி சரி, அதை அந்த நேரத்துல பார்த்துக்கலாம்."

"அந்த நேரத்துல எனக்குப் பேச வராதுங்க. இப்பவே சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் அவர் மறுபடி அறைக்குள் போய், எங்கள் ஊர் லேடி டாக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். மயக்கம் வேண்டாம், தாய் விரும்பினால் குழந்தையைக் கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவள் அங்கிருந்து நகர்ந்தாள்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் முதலில் சொன்னது, ஒன்பதாம் மாதம் வைத்திருந்த வளைகாப்பை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான். தங்காத பிள்ளைக்கு வளையல் போட்டால் ஊர் சிரிக்கும் என்றாள். சொந்தபந்தத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்கு ஒரு பக்கம் கவலை.

"வளையல் சத்தம் வயித்துப் பிள்ளைக்குக் கேக்கும்னு நீங்கதான அத்தை சொன்னீக?" என்றாள் என் மனைவி.

"அது நல்ல பிள்ளைக்கு தாயி. இது..."

"கேக்குமான்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். தெரியாதுன்னுதான் சொன்னாரு. கேக்காதுன்னு சொல்லல. மத்த பிள்ளைக பிறந்த பெறகு எம்புட்டோ கேக்கும் அத்தை. இதுக்கு இப்ப விட்டா வேற நேரம் ஏது?"

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவே போய் வளையல்காரருக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

என் மனைவி எப்போதும் திடமாகவே இருந்தாள் என்று நான் எழுதினால் அது பொய். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தி, சந்தனம் பூசிய தலையோடு கொண்டுவந்து இவள் மடியில் வைத்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. இவள் அந்த மொட்டைத் தலையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். சந்தனம் பட்ட கையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, இறக்கி வைத்தேன்.

வளைகாப்புக்கு இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். மணையில் உட்கார்ந்ததும் ஒரு சொந்தக்காரம்மா, "என்னத்தா, ரெட்டைதானே?" என்று கன்னத்தை வழித்தாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுதான் சித்தி. ஆனா தங்காதாம். டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க வளையல் போடுங்க" என்றாள் என் மனைவி.

சந்தனக் கிண்ணத்தை எடுத்த கை அப்படியே நின்றது. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். இரண்டு பேர், பிள்ளை அழுகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வயிற்றைத் தொட்டால் தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

எங்கள் தெருவில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா உண்டு. மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் பறிகொடுத்தவர். இந்த மாதிரிச் சடங்குகளில் அவர் உள்ளே வர மாட்டார், யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவர் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். என் மனைவி அவரைப் பார்த்துவிட்டாள்.

"மதினி, வாங்க. மொத வளையல் நீங்க போடுங்க."

"என்னைய என்னத்துக்கு தாயி கூப்புடுத? நான் தொடலாமா?"

"பிள்ளையைப் போகவிட்டவுக யாரு இங்கன இருக்கா, உங்களைத் தவிர? உங்களுக்குத்தான் தெரியும். வாங்க மதினி."

அந்த அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். தீப்பெட்டி மருந்து ஒட்டிக் கறுத்திருந்த விரல்களை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து இவள் கையில் ஏற்றினார். ஏற்றிவிட்டு அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "எளைய பய ஒன்பது மாசம் இருந்தாம்மா. நல்லாச் சிரிப்பான்" என்றார். தன் பிள்ளைகளைப் பற்றி அவர் பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அடுத்ததாக என் அம்மா எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வளையல் சத்தம் ஓயவில்லை. வேலை இல்லாதபோதும் வயிற்றுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் குலுக்கிக்கொண்டே இருப்பாள். பேசுவாள். இது புளி, இது உங்க அப்பா சைக்கிள் சத்தம், அந்தா ஊதுது பாரு கம்பெனிச் சங்கு என்று ஒவ்வொன்றையும் சொல்லுவாள். எனக்குக் கேட்கச் சங்கடமாக இருக்கும். எதற்கு வீணாக ஆசையை வளர்க்கிறாள் என்று தோன்றும்.

இந்த மாதிரிப் பிள்ளைகள் நாள் தள்ளித்தான் பிறக்குமாம். பத்து மாதம் கடந்தும் வலி வரவில்லை. வந்தபோது காலண்டர் சீசன், அச்சகத்தில் ராத்திரி பகல் வேலை. லேடி டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மயக்கம் கொடுக்கவில்லை. என் அம்மா பழைய மல் வேட்டியைக் கிழித்துச் சின்னக் குல்லா ஒன்று தைத்து வைத்திருந்தாள். அதைப் போட்டுத்தான் பிள்ளையை என் மனைவி கையில் கொடுத்தார்கள்.

பெண் குழந்தை. என்னையும் உள்ளே கூப்பிட்டாள். நான் பயந்துகொண்டேதான் போனேன். கண் கொஞ்சம் பிதுங்கியிருந்தது, அவ்வளவுதான். மூக்கும் உதடும் அப்படியே அவளுடையவை. "எண்ணிச் சொல்லுங்க" என்றாள். கை விரல் பத்து, கால் விரல் பத்து, எல்லாம் சரியாக இருந்தன. வாய்விட்டு எண்ணினேன். கடைசி விரலுக்கு வரும்போது நான் நிறுத்திவிட்டேன், அவள்தான் எண்ணி முடித்தாள். குல்லாவைக் கொஞ்சம் தூக்கி அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி சரியாக இழுத்துவிட்டு, அந்த இடத்தில் முத்தம் கொடுத்தாள். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் இருக்கிற பெயர், இங்கே எழுதவில்லை.

காலைச் சங்கு ஊதும்போது பிறந்தவள், மத்தியானச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டாள். அவ்வளவு நேரமும் என் மனைவி கையில்தான் இருந்தாள். வளையல் போட்ட அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார். என் மனைவி கண்ணால் கேட்க, அவர் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தூங்கிட்டா தாயி" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், நன்றாக இருக்கிறார்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவளிடம் என்னவோ பேச்சுவாக்கில் சொன்னேன். "பாவம் நீ. அந்தப் பிள்ளை சாகப் போறது தெரிஞ்சே மூணு மாசத்துக்கு மேல காத்துக்கிட்டுக் கிடந்தியே."

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "யாரு காத்துக் கிடந்தா? அந்த மூணு மாசந்தான நான் அவளை வளத்தது?" என்றாள்.

கெட்ட செய்தியை ஒரு தாயிடமிருந்து மறைப்பதுதான் இரக்கம் என்று அந்த டாக்டரும் நானும் அன்றைக்கு மனதார நம்பினோம். ரயிலில் அவள் அந்த உறையைப் பிரிக்காமலும் விருதுநகரில் பஸ்ஸை நோக்கி நடக்காமலும் இருந்திருந்தால், அந்த மகளை வளர்க்க அவளுக்கு இருந்த அந்தக் கொஞ்சக் காலத்தையும் அவளுக்குத் தெரியாமலே எடுத்துக்கொண்டிருப்போம் என்பது இந்த வயதிலும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.